திரை இருந்தால் ஜன்னல் இருக்கும்

“இன்டீரியர் கேபினா, பால்கனி கேபினா சார்?”

பயண ஏற்பாட்டு அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கேட்டாள். மாமா அதை ஸ்பீக்கரில் போட்டுத் துணி வெட்டும் மேசையின் மேல் வைத்திருந்தார். அவருடைய ஒரு கையில் கத்தரிக்கோல். இன்னொரு கை, யாரோ ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறைக்குப் போக வேண்டிய சாம்பல் நிறத் துணியை அழுத்திப் பிடித்திருந்தது.

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?” என்றார் மாமா.

“பால்கனி கேபின்ல உங்களுக்குன்னு தனியா ஒரு பால்கனி இருக்கும் சார். ரெண்டு நாற்காலி போட்டிருப்பாங்க. கண்ணாடிக் கதவைத் திறந்துட்டு வெளிய போய் உட்காரலாம்.”

“இன்டீரியர்ல?”

“அது இன்டீரியர் சார்.”

“சரி, அதுல என்ன இருக்கும்?”

“எல்லாமே இருக்கும். கட்டில், அலமாரி, டி.வி., குளியலறை, ஒரு குறையும் கிடையாது. ரூம் நீட்டா இருக்கும். இன்டீரியர், அவ்வளவுதான்.”

“விலை?”

சொன்னாள். பால்கனிக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

மாமா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தொலைபேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்.

“கேட்டியா மருமகளே? பால்கனிக்கு ஒன்றரை மடங்காம். நம்ம வீட்டு பால்கனியில என்ன இருக்கு? ஒரு துடைப்பம், ஒரு கால் ஒடிஞ்ச ஸ்டூல், காயாத என் பனியன். இதுக்குப் போய் யாராவது ஒன்றரை மடங்கு கொடுப்பாங்களா?”

“அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…” என்று இழுத்தேன்.

“அவகிட்ட கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்? கதவைத் திறந்ததும் அசந்து நிக்கணும்.” கையை எடுத்தார். “இன்டீரியரே போட்டுடும்மா.”

“உறுதியா சார்? அப்புறம் மாத்தறது கஷ்டம்.”

“முப்பது வருஷமா இன்டீரியர்காரங்களாலதான் எனக்குச் சோறு. கண்ணை மூடிக்கிட்டுப் போடு.”

அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்காது. இருந்தாலும் மரியாதைக்குச் சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. விலை குறைந்ததை அவர் எடுத்துக்கொள்கிறார், அதை என் முன்னால் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்களின் பணப்பையை எட்டிப் பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்.

எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது. ‘இன்டீரியர்’ என்பதை நான் பள்ளியில் ஆங்கிலமாகப் படித்தேன். எனக்கு அது ‘உட்புறம்’. மாமா அதைத் தொழிலில் தமிழாகக் கற்றவர். “வீடு வாங்கிட்டாங்க, இன்னும் இன்டீரியர் பண்ணலை” என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் மரவேலை, போலிக் கூரை, ஒளிந்திருந்து வெளிச்சம் தரும் விளக்குகள், சுவருக்குச் சுவர் வேறு நிறம், கடைசியாக மாமாவின் திரைச்சீலை. ஆகவே அன்று அவர் காதில் விழுந்த கேள்வி இதுதான்: வெறும் அறையும் ஒரு பால்கனியும் வேண்டுமா, அலங்காரம் செய்து முடித்த அறை வேண்டுமா? இரண்டாவது விலை குறைவு என்றதும், கப்பல்காரர்களுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று எண்ணி உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

அவர் என் அப்பாவின் தங்கை கணவர். குடும்பத்தில் எல்லோருக்கும் டேப் மாமா. கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப்பினால் வந்த பெயர் என்று அவர் சொல்வார். நிறுத்தாமல் ஓடும் வாயினால் வந்தது என்று அத்தை சொல்வாள். நகல் எடுக்கும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் அவருடைய திரைச்சீலைக் கடை. உள்ளே ஒரு நீள மேசை, இரண்டு தையல் இயந்திரங்கள், தடித்த சாம்பிள் புத்தகங்கள், தண்ணீர் தெளித்துத் தேய்த்த துணியின் சூடான வாசம். ஒரு இயந்திரத்தில் மாமா, இன்னொன்றில் தையல்கார அக்கா. ஆங்கிலத்தில் வரும் மின்னஞ்சல்களைப் படித்துச் சொல்லிப் பதில் எழுத நான் சனிக்கிழமைகளில் போவேன்.

ஆரம்பத்தில் அவர் பேன்ட்தான் தைத்துக்கொண்டிருந்தாராம். ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“மனுஷன் அளவு மாறிக்கிட்டே இருக்கும்மா, பழி நம்ம மேல வரும். ஜன்னல் பாரு, சாப்பிடாது, பெருக்காது, இடுப்புல பிடிக்குதுன்னு ஆறு மாசம் கழிச்சுத் திரும்பி வராது.”

வாடிக்கையாளர்களின் பெயர் எதுவும் அவருக்கு நினைவில் நிற்காது. ஜன்னல்கள் நிற்கும். தெருவில் ஒருவர் கை அசைத்தால் என் காதருகே குனிந்து, “வளைவு ஜன்னல் வக்கீல். இடது பக்கம் அரை அங்குலம் கோணல்” என்பார். கோணல் ஜன்னலா, வக்கீலா என்று தையல்கார அக்கா கேட்பாள். ரெண்டும்தான் என்பார்.

இத்தனை ஜன்னல்களுக்கு உடுத்திவிட்டவரின் மனைவி இருபத்தெட்டு வருடம் ஜன்னல் இல்லாத அறையில் வேலை பார்த்தாள். பதிவு அலுவலகத்தின் நிலவறை. பழைய பத்திரங்கள், கோப்புகள், அவற்றை எடுத்துக் கொடுக்க அத்தை. குழல் விளக்கு விட்டு விட்டு எரியும். மேலே என்ன நடக்கிறதென்று தெரியாது. “மழையா வெயிலான்னு கீழ வர்றவங்க செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்” என்று அவள் சொல்லும்போது நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

ஓய்வு பெற்ற அன்று சக ஊழியர்கள் சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அன்று மாலை மாமா அவளிடம், உனக்கு என்ன வேண்டும் சொல், எங்கே போகலாம் என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“கப்பல்ல போகணும்ங்க. எங்கயும் இறங்கிச் சுத்திப் பார்க்க வேண்டாம், எனக்குக் கால் வலி. காலையில முழிச்சா, எழுந்திரிக்காம, படுத்தபடியே கடலைப் பார்க்கணும். அவ்வளவுதான்.”

மாமா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே “ம்” என்றார். அந்த “ம்”மை அத்தை நம்பினாள்.

தொலைபேசியில் பேசியதற்கு அடுத்த சனிக்கிழமை பயணச் சீட்டின் உறுதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. ஐந்து இரவு, ஆறு பகல். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றேன்.

“என்ன மருமகளே, கோணலா ஏதாவது?”

“மாமா, இந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாதாம்.”

“யாரு சொன்னா?”

“இதுலயே போட்டிருக்கு. உட்புற அறை, ஜன்னல் கிடையாது.”

“அதெப்படி? படத்தைக் காட்டு.”

காட்டினேன். நல்ல அறைதான். வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், இரண்டு பக்கமும் சிறு விளக்குகள், தலைமாட்டுச் சுவர் முழுக்க நீலத் திரை. மாமா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் படத்தருகே குனிந்தார். அவர் முகம் மலர்ந்தது.

“இது என்ன?”

“திரை.”

“எதுவரைக்கும் விழுது?”

“தரை வரைக்கும்.”

“மூணு மூணு மடிப்பாப் பிடிச்சுத் தைச்சிருக்கான். சுவர் அகலத்துக்கு ரெண்டரை பங்கு துணி போயிருக்கும். ஜன்னல் இல்லாத சுவத்துக்கு எந்தக் கிறுக்கன் இவ்வளவு துணி செலவு பண்ணுவான்? திரை இருந்தா ஜன்னல் இருக்கும்மா. என் சர்வீஸ்ல ஒரு வீட்டுல கூட இது மாறினதில்லை.”

“மாமா, இன்டீரியர்னா உள்பக்கம்னு அர்த்தம். கப்பலோட நடுவுல இருக்கற ரூம். நாலு பக்கமும் சுவர்.”

“அப்ப இன்டீரியர் பண்ணின ரூம் இல்லையா?”

“இல்லை.”

மாமா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். தையல்கார அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “அப்ப அந்தத் திரை?” என்றாள்.

“சும்மா அழகுக்கு,” என்றேன்.

“சுவத்துக்கே டிரஸ் போட்டுட்டானா!” என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்று நானும் சிரித்திருப்பேன், மாமாவின் முகம் அப்படி இல்லாதிருந்தால்.

உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். பால்கனி அறைகள் எல்லாம் போய்விட்டன. யாராவது ரத்து செய்தால் சொல்கிறேன் என்றாள் அந்தப் பெண். மாமா டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு திடீரென்று, “அந்த ரூம் சுவர் எத்தனை அடி அகலம்னு கேட்டு ஒரு மெயில் போடு” என்றார்.

“எதுக்கு மாமா?”

“ஜன்னல் இல்லைன்னா என்ன, நாம ஒண்ணு தைச்சுடலாம்.”

திட்டம் இதுதான். மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு திரை. அதற்குப் பின்னால் பேட்டரியில் எரியும் சிறு விளக்குச் சரம். காலையில் அத்தை விழிக்கும் முன் அதைப் போட்டுவிட்டால் வெளியே விடிந்தது போல இருக்கும். திரையை விலக்கச் சொன்னால்? “காத்து அதிகமா இருக்கு, கேப்டன் திறக்க வேண்டாம்னுட்டார்னு சொல்லிடுவேன்.” ஐந்து நாளுமா? “அஞ்சு நாளும் காத்துதான். கடல் இல்லையா!”

சுவர் எட்டடி, இரும்புச் சுவர், ஆணி அடிக்கக் கூடாது என்று பதில் வந்தது. எதற்குக் கேட்கிறார் என்று அந்தப் பெண் தனியாக எனக்கொரு வரி எழுதியிருந்தாள். அதற்கு நான் பதில் எழுதவில்லை. இரும்பு என்றதும் மாமாவுக்கு உற்சாகம் கூடியது; காந்தத்தில் கொக்கி வைத்துத் திரையை மாட்டலாம். அன்றே ஒரு டஜன் காந்தம் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மாட்டிக்கொண்டது அதனால்தான். செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மின்னஞ்சலைப் பார்த்துச் சொல்லக் கடைக்குப் போயிருந்தேன். அத்தை வந்து நின்றாள். கையில் மாமாவின் சட்டை. அதன் பையில் அவளுடைய ஹேர்பின்கள் ஏழெட்டும் ஒரு ஊக்கும் வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன, பதக்கங்களைப் போல.

“மூணு நாளா ஹேர்பின்னைத் தேடித் தேடி மறதி வந்துடுச்சுன்னு பயந்துட்டேன். கப்பலுக்குப் போறவருக்கு எதுக்குங்க பையில காந்தம்?”

“அது வந்து…” மாமா என்னைப் பார்த்தார். “மருமகளே, நீ சொல்லு.”

“நீ சொல்லாதம்மா,” என்றாள் அத்தை. “உனக்குப் பொய் வராது. அவருக்கு உண்மை வராது. ரெண்டு பேரும் சும்மா இருங்க, நானே பார்த்துக்கறேன்.”

மேசைமேல் பாதி தைத்த வெள்ளைத் திரை கிடந்தது. விளக்குச் சரம் கிடந்தது. அதன் கீழே, நான் அச்செடுத்து வைத்திருந்த உறுதிக் கடிதம். இருபத்தெட்டு வருடம் கோப்புகளைக் குடைந்த கை நேராக அதற்குத்தான் போனது. புரட்டினாள். நான் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்த வரியில் விரலை வைத்து என் பக்கம் நீட்டினாள்.

“இது என்னன்னு மட்டும் படி.”

படித்தேன். கடையில் இயந்திரங்கள் இரண்டும் நின்றுபோயிருந்தன.

அத்தை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாமா சமாளித்திருப்பார். அவள் காகிதத்தை நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் வரலை. அந்த ரூமை நான் ஏற்கனவே பார்த்தாச்சு.”

சட்டையிலிருந்து ஹேர்பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மாமா அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்கார அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. “உன் ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு வா” என்றார். சொன்னேன். பயண ஏற்பாட்டு அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். உள்ளே ஒரு சோபா, சுவரெல்லாம் யாரும் நீந்தாத நீலக் கடற்கரைகள், கணினிக்குப் பின்னால் அந்தப் பெண். என் வயதுதான் இருக்கும்.

“சுவர் அகலம் கேட்டது நீங்கதானா?” என்றாள்.

“அதை விடும்மா. பால்கனி ஒண்ணு வேணும். கிடைக்கற வரைக்கும் இங்கயே உட்கார்ந்திருக்கேன். சாயங்காலம் பூட்டும்போது சொல்லு, எழுந்து போயிட்டுக் காலையில வர்றேன்.”

அவர் விளையாடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. விசைகளைத் தட்டினாள். உதட்டைக் கடித்தாள். “ஒண்ணு இருக்கு சார். நான் சொல்லாம இருந்ததுக்குக் காரணம் இருக்கு. யாரும் எடுக்க மாட்டாங்க.” கணினியைத் திருப்பினாள்.

பால்கனி இருந்தது. இரண்டு நாற்காலி இருந்தது. கண்ணாடித் தடுப்பு இருந்தது. கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய படகு தொங்கிக்கொண்டிருந்தது. ஆபத்துக் காலத்தில் இறக்கும் உயிர்காப்புப் படகு.

“பார்வை மறைக்கும்னு இதுல தெளிவாவே போட்டிருக்கு. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

நான் மாமாவின் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். ஆனால் அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவிக்கொண்டிருந்தார். கணினித் திரைமேல் வைத்தார். நாற்காலியின் உயரத்தை அளந்தார். படகின் அடிப்பாகத்துக்கும் பால்கனித் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். உதடு அசைய மனக்கணக்குப் போட்டார்.

“நாற்காலி உட்கார்ற இடம் பதினேழு அங்குலம். உலகம் பூரா அதுதான். அப்படிப் பார்த்தா படகோட அடி வயிறு தரையில இருந்து முப்பத்தொண்ணு. கட்டில் உயரம் என்னம்மா?”

“எனக்கு எப்படி சார் தெரியும்?”

“மெத்தையோட இருபத்திரண்டு வெச்சுக்கோ. தலையணை அமுங்கினது போக அஞ்சு. கண்ணு இருபத்தேழு.” என் பக்கம் திரும்பினார். “கடல் முடியற கோடு எப்பவும் நம்ம கண்ணு மட்டத்துலதான் வரும் மருமகளே. நின்னா நின்ன உயரம், படுத்தா படுத்த உயரம். ஏரிக்கரை மாடி வீடுங்கள்ல எத்தனை தடவை பார்த்திருக்கேன். அப்படின்னா?”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவருக்கு விளக்கவும் பொறுமை இல்லை. சோபாவில் நீட்டிப் படுத்துவிட்டார், செருப்போடு. தலைக்குக் கீழே அவர்களுடைய விளம்பரப் புத்தகங்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டார்.

“நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் ஆளுக்கொரு முனையில அந்த மேசை விரிப்பைப் பிடிங்க. தரையில இருந்து முப்பத்தொண்ணுல, அதுதான் படகோட அடி. டேப் இந்தா.”

பிடித்தோம். அந்தப் பெண் ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். விரிப்புக்குக் கீழே, சோபாவிலிருந்து மாமா தெருவைப் பார்த்தார்.

“தெரியுது!” என்று கத்தினார். “எதிர்க்கடை பூட்டு தெரியுது, நாய் தெரியுது, எல்லாம் தெரியுது. கண்ணுக்கு மேல நாலு அங்குலம் மிச்சம். இதையே போடும்மா!”

“சார், நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாதே?”

“அவ நிக்க மாட்டா.”

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனோம். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. மாமா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம், இன்டீரியரில் ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார். பொய் கலக்கவில்லை; கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

“முன்னாடி ஒரு படகு தொங்கும்,” என்று முடித்தார். “நின்னா படகுதான் தெரியும். நாற்காலியில உட்கார்ந்தாலும் அதே கதைதான். படுத்தா கடல்.”

“நிச்சயமா?”

“நாலு அங்குலம் மிச்சம்.”

அத்தை ஒரு கீரைத் தண்டை ஒடித்தாள். “உங்க பேச்சை நம்பி மோசம் போயாச்சு. உங்க டேப்பை நம்பறேன்,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “என்ன பண்ணினார், அங்கேயே படுத்துப் பார்த்தாரா?” என்று கேட்டாள். சோபாவில், செருப்போடு என்றேன். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

போய்விட்டு வந்தார்கள். திரும்பி வந்த சனிக்கிழமை இருவரும் கடையில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, அந்த ஐந்து இரவுகளையும் எங்களுக்குச் சொன்னார்கள்.

“நாலு அங்குலம் இல்லம்மா, அஞ்சு,” என்றாள் அத்தை. “மெத்தை இவர் சொன்னதை விடத் தாழ்வு. கண்ணைத் திறந்தா படகுக்குக் கீழ நீளமா கடல். ஒருநாள் வெள்ளி மாதிரி, ஒருநாள் கறுப்பா. நான் பத்து மணி வரைக்கும் எழுந்திரிக்கவே இல்லை. இவர்தான் தட்டுல வாங்கிட்டு வந்து கொடுத்தார்.”

“பக்கத்து ரூம்காரங்க பால்கனியில நின்னுக்கிட்டுப் படகைத் திட்டறாங்க,” என்றார் மாமா. “படுத்துப் பாருங்கன்னு சொல்லலாம்னு போனேன். இவ விடலை.”

“முன்பின் தெரியாதவங்ககிட்ட போய்ப் படுத்துப் பாருங்கன்னா சொல்வாங்க?”

கடல் எப்படி இருந்தது என்று மாமாவிடம் தையல்கார அக்கா கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். “அவர் எங்க பார்த்தார்? ஒருநாள் ஆளையே காணோம். கப்பல் முழுக்கத் தேடறேன். கடைசியில எதிர் ரூம்ல கிடைச்சார்.”

எதிர் அறை, நடைவழிக்கு அந்தப் பக்கம், இன்டீரியர். ஆள் இல்லாத அறை. அதைத் துடைக்கக் கதவைத் திறந்து வைத்திருந்த பணிப்பெண்ணிடம் சைகை காட்டி மாமா உள்ளே போயிருக்கிறார். தலைமாட்டில் அதே நீலத் திரை. மெதுவாகத் தூக்கிப் பார்த்தாராம். பின்னால் இரும்புச் சுவர்.

“அது கூடப் பரவாயில்லை,” என்றார் மாமா, இன்னும் ஆறாமல். “உள்பக்கம் லைனிங் கொடுத்துத் தைச்சிருக்கான் மருமகளே. வெயிலே படாத சுவத்துக்கு லைனிங்! தையலும் நல்ல தையல். நான் அப்படியே கட்டில்ல உட்கார்ந்துட்டேன்.”

“உட்கார்ந்தாரா? குறட்டை நடைவழி வரைக்கும் கேட்டுச்சு,” என்றாள் அத்தை. “அந்தப் பொண்ணு பாவம், வாளியை வெச்சுக்கிட்டு வாசல்லயே காவல் நிக்குது.”

அத்தை நகல் எடுக்கும் கடைக்குப் புகைப்படங்களை அச்செடுக்கப் போனாள். ஐந்து நாளும் எடுத்த படங்கள். எல்லாம் ஒரே படம்தான், படகின் அடிவயிறும் கடலும். அவள் தலை மறைந்ததும் மாமா மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த ஐந்து இரவும் அவர் தூங்கவே இல்லை. பாதியில் விழிப்பு வந்தாலும் கடல் தெரிய வேண்டும் என்று அத்தை திரையை மூட விடவில்லை. நிலா வெளிச்சம், விடிகாலை வெளிச்சம், எல்லாம் நேராக அவர் முகத்தில். வெளிச்சம் புகாத துணி விற்றுப் பிழைப்பவர். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் திரை. ஆனாலும் ஒருமுறைகூட இழுக்கவில்லை.

“அடுத்த வருஷமும் போகணும்னு சொல்றா,” என்றார். “டிக்கெட் போட்ட பொண்ணுக்கு இப்பவே ஒரு மெயில் எழுதிடும்மா. நல்ல ஆங்கிலத்துல, அவ தப்பாப் புரிஞ்சுக்காத மாதிரி. அத்தைக்கு அதே படகு ரூம். எனக்கு இன்டீரியர். நல்லாத் தெரிஞ்சுதான் கேட்கறேன்னும் எழுது, இல்லைன்னா மறுபடி போன் பண்ணி வித்தியாசத்தை விளக்குவா. ரெண்டு கதவும் நேருக்கு நேரா இருக்கணும், அதை மட்டும் விட்டுடாத. வெளிச்சம் வந்ததும் இங்க வந்து பாருங்கன்னு அத்தை கூப்பிடுவா. தள்ளி இருந்தா எனக்குக் கேட்காது.”